மூன்று விரல் உயரம்

ஜூன் 3

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் போனில் ஒரே குரல். போன மாதம் ஒரு தடவை யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். "அண்ணி" என்று கூப்பிடுவதற்கு முன்னால் "ஹலோ" என்று ஒன்று சொன்னாய் பார், அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க எனக்குக் கை கால் ஓடவில்லை. குட்டிக்குக் கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் செய்யாதே.

ஷெட்டில் ஒரு பொருள் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வண்டியின் உயரத்தைக் குறைப்பதற்கென்று நீ அனுப்பிவைத்த குட்டை ஸ்பிரிங்கில் ஒன்றைத்தான் உன் அண்ணன் மாட்டி முடித்திருந்தார், வலது முன்சக்கரத்துக்கு. அங்கிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்கை, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு அமுக்கி இறுக்கினபடியே மூலையில் நிற்க வைத்திருக்கிறார். அதற்கப்புறம் இடது பக்கம் கழற்றப் போனார். அங்கேதான் எல்லாம் முடிந்தது. போலீஸ் வந்து, அவரை அடித்த ஸ்பிரிங்கைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுப் போட்டோ எடுத்தார்கள். மூலையில் நிற்பதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அது ஏதோ இரும்பு என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் அதன் பக்கத்திலேயே துடைப்பத்தைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டேன். ஷெட்டுக்குள் போனவர், அந்த மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அம்மா, இது இன்னும் உயிரோட இருக்கும்மா" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கூட நடக்கவில்லை, அதைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வெளியே போனார்.

நீ சுரங்கத்தில் மலை மாதிரி வண்டிகளையெல்லாம் பிரித்து மேய்கிறவன். இதை எப்படித் தளர்த்துவது என்று எழுது. மாதக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் செய்யாவிட்டால் அவருடைய ஆட்கள் வந்து அள்ளிப் போடுவார்கள். குட்டியின் சைக்கிள் வேறு அதே ஷெட்டில் இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் அவள் ஓடிப்போய் எடுக்கிறாள்.

எப்படித் தளர்த்துவது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்தாயானால் மிச்சத்தைப் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் சரக்கு லாரியோடு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் பக்கத்தில் வேலை செய்கிற வெல்டர் "என்னங்க, முகம் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் இதைச் செய்யுங்கள். ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சைக்கிளை நீங்கள் எடுக்கப் போக வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும். அவள் அழுதால் அழட்டும்.

அதைத் தளர்த்துவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது எழுதிக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை. ஒரு வண்டியின் முன்பாகத்து எடையில் பாதியை ஒரு ஸ்பிரிங் தாங்குகிறது. அந்த பலம் முழுவதும் இப்போது இரண்டு கிளாம்பின் கொக்கிகளில் நிற்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்று கூண்டு வைத்த மெஷின் இருக்கிறது. அதில் வைத்துக்கூட நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வேலை செய்வோம்.

அண்ணன் ஏன் அதை இறுக்கினபடியே வைத்தார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எதையும் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். புது ஸ்பிரிங் சரிப்படவில்லை என்றால் பழையதை மறுபடி இறுக்கிக்கொண்டிருக்க வேண்டாமே, அப்படியே தூக்கிப் போட்டுவிடலாமே என்று நினைத்திருப்பார். அதே புத்தியில்தான் இடது பக்க ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் போட்டுத் துடைத்திருக்கிறார். போலீஸ்காரர் வெளியே வந்து கை துடைத்தபோது துணியில் ஆயிலைப் பார்த்தேன். அழுக்கு ஸ்பிரிங்கில் கொக்கி கடித்துக்கொண்டு நிற்கும். ஆயில் போட்டதில் வழுக்கும். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் கழற்றப்போகிற ஸ்பிரிங்கைக் குளிப்பாட்ட மாட்டான். அண்ணன் ஒருத்தர்தான் செய்வார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசலில் நின்றே பாருங்கள், உள்ளே போக வேண்டாம். இரண்டு கிளாம்பும் எதிரும் புதிருமாக நிற்கின்றனவா? அல்லது ஒரு பக்கமாக நெருங்கியிருக்கின்றனவா? அதை மட்டும் எழுதுங்கள்.

எனக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்கள். அண்ணன் காரியத்துக்கு வந்துபோனதையே சூப்பர்வைசர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். மாற்று ஆள் வந்ததும் கிளம்பி வருகிறேன். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே விட்டிருந்தால், ஒரு தடவை ஷெட்டுக்குள் போயிருந்தால், அதை அன்றைக்கே பார்த்திருப்பேன். குறையாகச் சொல்லவில்லை. மனதில் இருப்பதைச் சொன்னேன்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

குறையாகச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டுக் குறையைத்தான் சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும். கேட்டை நான்தான் சாத்தினேன், சங்கிலியும் நான்தான் போட்டேன். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

பார்த்தேன். வாசலில் நின்று பார்க்கச் சொன்னாய், வாசலில் நின்றே பார்த்தேன். ஒன்று ஜன்னல் பக்கமும் ஒன்று கதவுப் பக்கமுமாக நேரெதிரே நிற்கவில்லை. கதவுப் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் நகர்ந்து மற்றதைத் தேடிப் போன மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங்கும் நேராக இல்லை, லேசாக வயிறு தள்ளி வளைந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன், கண்கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். எப்போது வருவாய், மாற்று ஆள் வந்ததும். மாற்று ஆள் எப்போது வருவான், அது யாருக்கும் தெரியாது. நல்ல பதில். இங்கே இருக்கிற ஒர்க்‌ஷாப்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். வாசலிலேயே நின்று, "ஒரு ஆள் இதுல போயிருக்காரு, நான் கை வச்சா எனக்கும் வீட்ல பொண்டாட்டி பிள்ளை இருக்குல்ல" என்றார். இன்னொருவர் தூரத்தில் நின்று கல்லை விட்டு எறிந்து பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இரும்புதானேம்மா, என் ஆளுங்க கல்லையே தூக்கிப் போடறவங்க" என்று சிரிக்கிறார். அந்தப் பையன்களில் ஒருவன் அதைத் தூக்கித் தோளில் வைப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

குட்டி கேட்டுவிட்டாள், "அப்பாவை அடிச்சது அதுதானா?" என்று. இல்லை, அது வேறு என்றேன். "அப்ப இது யாரை அடிக்கும்?" என்றாள்.

இதையெல்லாம் யாருக்காகச் செய்தார், சொல். உனக்காகத்தானே. நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் "என்னண்ணே, ஒட்டகத்துல ஊர்வலமா?" என்று அந்த வண்டியைக் கேலி செய்வாய். அவரும் பல்லை இளித்துக்கொண்டு நிற்பார். நாற்பது வயதைத் தாண்டிய மனுஷன், பம்ப் ஹவுஸில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு வீடு உண்டு வேலை உண்டு என்று இருந்தவர், திடீரென்று விடலைப் பையன் மாதிரி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குகிறேன் என்று கிளம்பினார். என்ன இது கூத்து என்று கேட்டேன். "தம்பி கேலி பண்றான்ல" என்றார். உன் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு இருந்திருப்பார்.

அன்றைக்குச் சத்தம் கேட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். கேட்டில் லாரி மோதின மாதிரி ஒரு சத்தம். பின்வாசலில் மூன்று படி. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அந்த மூன்று படியை நான் எப்படி இறங்குவேன் என்று உனக்குத் தெரியும். சுவரைப் பிடித்து, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஓடத் தெரிந்த ஒருத்தி வாய்த்திருந்தால் கழுத்தில் துணியை வைத்து அழுத்தியாவது இருப்பாள்.

இதை எவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் இதைச் சுமக்க வேண்டும்.

எப்படித் தளர்த்துவது என்று எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்தபடி செய்துகொள்கிறேன்.

அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

உங்களுக்குத் தெரிந்தபடி செய்துகொள்வீர்களா? என்ன தெரியும் உங்களுக்கு? கொக்கி நகர்ந்திருக்கிறது, ஸ்பிரிங் வளைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுடையதும் அப்படித்தான் வளைந்திருக்கும், வளைந்துதான் தெறித்திருக்கும். கத்தியை விழுங்கப்போகிறேன் என்று மிரட்டுகிற மாதிரி எழுதினால் நான் என்ன செய்வேன் இங்கே உட்கார்ந்துகொண்டு?

எவ்வளவோ பொறுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் "நீ கொடுத்த ஸ்பிரிங்தானே, எடுத்துக்கிட்டுப் போ" என்றீர்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கேட்டைச் சாத்தினீர்கள். ரோட்டில் நின்று சொந்த அண்ணனை வழியனுப்பினேன். இப்போது என் வாய்தான் அவரைக் கொன்றது என்கிறீர்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒட்டகம் என்று கேலி செய்யச் சொன்னதே அண்ணன்தான். ஆமாம், அவர்தான். "நீ நல்லா கிண்டல் பண்ணுடா, அவ எதிர்ல பண்ணு, எனக்கு ஒரு காரணம் வேணும்" என்றார். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த வண்டியில் நீங்களாக ஏற முடியவில்லை. உயரமான வண்டி. அவர் தூக்கி உட்கார வைப்பார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் பார்க்க அவர் தூக்கினபோது, "நான் என்ன மூட்டையா?" என்று கத்திவிட்டு, வீடுவரை அவரோடு பேசாமல் வந்தீர்களாம். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வர மறுத்தீர்களாம். வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்று போனில் அழுகிற குரலில் சொன்னார்.

பின்வாசல் படியில் பலகை மேல் பலகையாகப் போட்டு உங்களை ஏறச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? படியைச் சரிசெய்யப்போகிறேன், எந்த உயரம் வசதி பார் என்று சொல்லியிருப்பார். அளவு எடுத்தார். "டேய், மூணு விரல் இறங்கினா போதும்டா. யார் கையையும் பிடிக்காம அவளே ஏறி உட்கார்ந்துக்குவா" என்றார். நான்தான் தேடிப்பிடித்து வாங்கி அனுப்பினேன். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "வேணாம்டா, இந்த வண்டியை எதுக்கு சார் இறக்குறீங்கன்னு கேப்பான், நான் ஏதாவது உளறுவேன், அவ காதுக்குப் போயிடும். தனக்காகன்னு தெரிஞ்சா அவ ஏறவே மாட்டா" என்றார்.

அதனால்தான் வீட்டில் செய்தார். உங்களுக்காகச் செய்தார். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று தனியாகச் செய்தார். போதுமா?

தம்பி


ஜூன் 20

அண்ணி,

நேற்று எழுதினதை லாரி புறப்படும்போது கொடுத்துவிட்டேன். கொடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஓடிப்போய்ப் பார்த்தேன், லாரி போய்விட்டது. அதில் எழுதியிருப்பது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நான் சொல்லியிருக்கவே கூடாது. அண்ணன் சொல்லாதே என்றார். அவர் கேட்டுக்கொண்ட கடைசி விஷயம் அது, அதையும் காப்பாற்றவில்லை.

இந்தக் கடிதம் முதலில் கையில் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். ஆனால் அதுதான் முதலில் வந்திருக்கும். படித்திருப்பீர்கள்.

எனக்கு இப்போது அந்த ஸ்பிரிங்கைவிட உங்களை நினைத்துத்தான் பயம். அதைப் படித்த கையோடு ஷெட்டுக்குப் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று நூறு தடவை எழுதினாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை, உங்களை எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு எழுத்துகூட விடாமல் படியுங்கள்.

அதை நகர்த்த வேண்டாம், படுக்க வைக்க வேண்டாம், நிற்கிறபடியே நிற்கட்டும். தெறித்தால் மேலே கூரைக்குத்தான் போகும், வளைந்திருப்பதால் வயிறு தள்ளின பக்கத்துக்கும் போகலாம். ஆகவே அந்தப் பக்கம் நிற்காதீர்கள், சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். என்ன ஆனாலும் அதற்கு மேலே குனியாதீர்கள். எதற்காகவும் குனியாதீர்கள்.

கேட்டுக்குப் போடுகிற சங்கிலியை எடுத்து, ஸ்பிரிங்கின் நடு ஓட்டை வழியாக மேலிருந்து கீழே விட்டு, வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்பிரிங் நீள்வதற்கு ஒரு சாண் தொய்வு விட்டுப் பூட்டுங்கள். முடிந்தால் இரண்டு சுற்று. கொக்கி விட்டாலும் சங்கிலி பிடிக்கும். அதன் மேல் பழைய ரஜாயோ மெத்தையோ இருந்தால் போர்த்துங்கள், கிளாம்பின் போல்ட் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி.

அண்ணனின் நீளமான ஸ்பேனர் பெஞ்சில் இருக்கும். இடது பக்கம் திருப்பினால் தளரும். முதலில் நகராத கொக்கியிருக்கிற போல்ட்டில் அரைச் சுற்று. பிறகு மற்றதில் அரைச் சுற்று. மறுபடி இதில், மறுபடி அதில். ஒன்றை மட்டும் விறுவிறுவென்று தளர்த்தினால் முடிந்தது கதை. அலுப்பாக இருக்கும், கை வலிக்கும், சும்மா ஒரு முழுச் சுற்று திருப்பிவிடலாம் என்று தோன்றும். திருப்பாதீர்கள். நடுவில் டிக் என்று சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு கிளாம்பும் ஆடுகிற அளவுக்குத் தளர்ந்துவிட்டால் அதில் ஒன்றுமில்லை. குழந்தைகூடத் தூக்கலாம்.

இதை எழுதிக் கொடுப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாவிட்டாலும் போவீர்கள் என்றுதான் எழுதினேன். செய்யாமல் இருந்தால் காலமெல்லாம் உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பேன்.

தம்பி


ஜூன் 26

அண்ணி,

பதில் இல்லை. போன் செய்யாதே என்றீர்கள், செய்துவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், அடிக்கத் தைரியம் வரவில்லை.

வேலையில் மனம் நிற்கவில்லை. நேற்று ஒரு சக்கரத்தின் நட்டை முறுக்காமலே விட்டுவிட்டேன், வெல்டர் பார்த்ததால் பிழைத்தோம். மாற்று ஆள் பத்தாம் தேதிக்குமேல் வருகிறானாம். வந்த அன்றைக்கே கிளம்புகிறேன்.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள். வெறும் கவரையாவது அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தில் என் விலாசம் இருந்தால் போதும்.

வந்தால் கேட்டைத் திறப்பீர்களா என்றும் எழுதுங்கள். திறக்க மாட்டீர்கள் என்றாலும் வருவேன்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பாதி உயிராகியிருப்பாய். கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. ஸ்பேனர் பிடித்ததில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

நீ நினைத்த மாதிரியே உன் கோபக் கடிதம்தான் முதலில் வந்தது. குட்டி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூன்று படியையும் எப்போதும் போல இறங்கினேன்.

பலகை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இந்த உயரம் சரியா? இது?" என்று என் காலையே பார்த்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். "ஒரு படியைச் சரி பண்ண இவ்வளவு ஆராய்ச்சியா, சட்டுபுட்டுன்னு முடிங்க" என்று எரிந்து விழுந்தேன். சிரித்தார். ஷெட்டில் நின்றபோது அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பிரிங்கின் கிட்டே போனேன். நீ குனியாதே என்று எழுதின கடிதம் அப்போது எனக்கு வந்திருக்கவில்லை. குனிந்தேன். அதன் மேலே முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். அடியில் தரை தெரிந்தது, கொஞ்சம் ஆயில் கறை தெரிந்தது. தெறித்தால் தெறிக்கட்டும் என்றுதான் நின்றேன். இதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. இடுப்பு வலி தாங்காமல்தான் நிமிர்ந்தேன். குட்டி ஞாபகம் வந்து நிமிர்ந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. வலிதான். பூட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் அவள் வந்து எழுப்பினாள், சாப்பாடு இல்லை என்றாள், எழுந்து சமைத்தேன்.

உன் அடுத்த கடிதம் மறுநாள் வந்தது. நீ எழுதினபடியே செய்தேன். சங்கிலியை உள்ளே விட்டு இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினேன். அவருடைய ரஜாயைப் போர்த்தினேன். சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அந்தப் போல்ட்டில் அரைச் சுற்று, இந்தப் போல்ட்டில் அரைச் சுற்று. ஸ்பேனரை மாற்றி மாற்றிப் போடுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு தடவை டிக் என்று கேட்டது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அவரைத் திட்டினேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. என்னிடம் கேட்டிருக்கலாமே, ஏறுவாயா மாட்டாயா என்று ஒரு வார்த்தை. மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருப்போம். மறுபடி உள்ளே போனேன்.

கடைசியில் கிளாம்ப் இரண்டும் கொடகொடவென்று ஆடின. கையால் கழற்றினேன். ரஜாயை விலக்கிப் பார்த்தால் ஸ்பிரிங் நிமிர்ந்து என் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கிறது. அவ்வளவுதான். இத்தனை நாள் இதற்காகவா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கிடந்தோம் என்று தோன்றியது.

நேற்று வீட்டுக்காரரின் ஆட்கள் வந்து மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி நகராது என்பதால் அதற்கு மட்டும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்கிறாராம்.

உன்னை நான் மன்னிக்க ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் அனுப்பினதற்காக உன்னைத் திட்டினது அநியாயம், அது எனக்கு இப்போது தெரிகிறது. ஆனால் நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டே நான் காலத்தை ஓட்டியிருப்பேன், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. நீ கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பாய், அவ்வளவுதானே. இப்போது அதை என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாய். அந்த ஒன்றுக்காக உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, அது போகாது. போகும் என்று எதிர்பார்த்து வராதே.

ஆனால் வா. கேட்டில் சங்கிலி இல்லை. உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அவர் மாட்டின குட்டை ஸ்பிரிங்கைக் கழற்று. வண்டியைப் பழையபடியே உயரமாக்கிக் கொடு. விற்கப்போவதில்லை. நான் கஷ்டப்பட்டு ஏறிக்கொள்கிறேன். ஏற முடியாத அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்கிறேன்.

பழைய ஸ்பிரிங் இரண்டும் இங்கே இருக்கின்றன. அவரை அடித்ததை அன்றைக்கே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன். ஆட்கள் வருவதற்கு முன்னால் அதை இழுத்து, நான் தளர்த்தினதற்குப் பக்கத்தில் வைத்துச் சாக்கில் கட்டப் போனேன். குட்டி ஏதோ கூப்பிட்டாள், போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் எனக்கு எது எது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, இரண்டையும் ஒரே மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்.

நீ பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்தாலும், எது என் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகிறது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

அண்ணி